அம்பிகாவின் வாரண்டி

இதைச் சரியான வரிசையில்தான் சொல்கிறேனா என்பதில் எனக்கே உறுதி இல்லை. கலையரசன் அந்த வாக்குவம் கிளீனருக்காகப் பெரம்பலூர் போனது இரண்டு முறை என்றுதான் என் நினைவு. அவனைக் கேட்டால் மூன்று என்று சொல்லக்கூடும். அதில் ஒரு நாள் மழை பெய்ததாக என் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. ஆனால் அது நல்ல கோடை. அந்தக் கோடையில் அரியலூரில் மழை பெய்ததாக வேறு யாரும் சொல்லவில்லை. ஆகவே மழையை விட்டுவிடுகிறேன். மற்றவை நடந்தவைதாம்.

கலையரசன் அரியலூருக்கு வெளியே ஓர் எடை மேடையில் வேலை பார்த்தான். சுண்ணாம்புக்கல் லாரி மேலே ஏறி நிற்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு எண்கள் ஓடி ஓய்ந்து நிற்கும். அவன் சீட்டைக் கிழித்து நீட்டுவான். லாரி இறங்கிப் போகும், அடுத்தது ஏறும். பேசவேண்டிய அவசியமே இல்லாத வேலை. அவன் சுபாவத்துக்கு அது சட்டை மாதிரிப் பொருந்திவிட்டது.

வீடு அந்தச் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருந்தது. லாரிகள் விடும் புழுதிக்கு அந்தக் கொஞ்சம் ஒரு பொருட்டில்லை. காலையில் துடைத்த டிவியின் மேல் மதியம் விரலால் பெயர் எழுதலாம். அவர்கள் மகள் வெற்றிச்செல்விக்கு இளைப்பு. துடைப்பத்தை எடுத்தாலே இருமத் தொடங்கிவிடுவாள். விலா எலும்புகள் ஏறி இறங்குவது சட்டைக்கு மேலேயே தெரியும். துடைப்பம் தூசியை எடுப்பதில்லை, இடம் மாற்றித்தான் வைக்கிறது, ஒன்று ஈரத்துணியால் துடையுங்கள், இல்லையென்றால் மிஷின் வாங்குங்கள் என்று டாக்டர் சொன்னார். அவன் மனைவி அம்பிகா மிஷின் வாங்கினாள். பில் அவள் பெயரில், வாரண்டி அவள் பெயரில், பதிந்த செல் நம்பரும் அவளுடையது.

வாங்கிய முதல் மாதமே மூடியின் கிளிப் ஒடிந்தது. அதை மாற்றித் தந்த பிறகு ஒரு சக்கரம் கழன்று கட்டிலுக்கடியில் உருண்டு போனது. அப்புறம் மோட்டார் உட்கார்ந்திருக்கும் அடித்தட்டில் மயிர் போல ஒரு விரிசல். அம்பிகா ஒரு கூரியர் ஆபீசில் வேலை பார்த்தவள். ஊர்ப்பட்ட ஆட்களிடம் போனில் திட்டு வாங்கி வாங்கி, திட்டுவது எப்படி என்பதை நன்றாகக் கற்றிருந்தாள்.

"தூக்குனா காலிக் குடம் மாரி லேசா இருக்கு, ஓட்டுனா ரைஸ்மில்லு மாரி கத்துது. இத செஞ்சவன் வூட்டுல கூட்டுறதே இல்லியாங்க?" என்று பெரம்பலூர் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டுக் கேட்பாள். விரிசலுக்கும் புகார் கொடுத்தாள். அடித்தட்டு ஸ்டாக் இல்லை, வந்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். வரவில்லை. அவள் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கத்தினாலும், விரிந்தாலும், மிஷின் ஓடியது. தினமும் வீட்டை ஒரு சுற்று இழுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அந்த வருடம் வெற்றிச்செல்வி பள்ளிக்கு அதிகம் லீவு போடவில்லை.

வெற்றிச்செல்விக்கு எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்த வாரத்தில் அம்பிகா தலைவலி என்று படுத்தாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே முடிந்துவிட்டது.

அதற்கப்புறம் கலையரசன் யாருக்கும் எதுவும் சொல்லவேண்டி வரவில்லை. அவள் அண்ணன்மார் போனில் எல்லோருக்கும் சொன்னார்கள். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஏதோ கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த முகம், பக்கத்தில் நின்ற யாருடைய தோளோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எடை மேடைக்கு அவன் திரும்பிப் போனபோது லாரி டிரைவர்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது. வழக்கமாக வண்டியிலிருந்தே குரல் கொடுப்பவர்கள் இறங்கி வந்து சீட்டு வாங்கிப் போனார்கள். அவள் இறந்துவிட்டாள் என்ற வாக்கியத்தை அவன் தன் வாயால் ஒரு முறைகூடச் சொல்லியிருக்கவில்லை. இது அவனுக்கே பின்னால்தான் தெரிந்தது.

எடுத்த அன்று அவன் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது வீடு முழுக்கக் கழுவி விட்டிருந்தார்கள். அது வழக்கம்தான். ஆண்கள் அந்தப் பக்கம் கிளம்பியதும் பெண்கள் இந்தப் பக்கம் வீட்டைக் கழுவுவார்கள். செத்தவர் படுத்த பாய், தொட்ட சாமான், புழங்கிய அறை, எதையும் விடுவதில்லை. அம்பிகாவின் தங்கை ஜெயசித்ரா மஞ்சள் கரைத்து ஊற்றி, குழாயில் ரப்பர் டியூபை மாட்டி மூலைமூலையாகப் பீய்ச்சியிருந்தாள். பின்பக்கச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள், முறம், குடங்கள் எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவற்றின் நடுவில் வாக்குவம் கிளீனரும் கவிழ்ந்து கிடந்தது. பைப் வாயிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கலையரசன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான்.

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பும்போது ஜெயசித்ரா மிஷினை எடுத்து சுவிட்சைப் போட்டாள். அது ஓடவில்லை. திரும்பவும் போட்டுப் பார்த்தாள். சின்ன உறுமல்கூட இல்லை.

"என்ன மாமா, இதுவும் நின்னு போச்சு?" என்றாள்.

அவன் பிளக்கைப் பிடுங்கி ஒயரைச் சுற்றி வைத்தான்.

"இங்க பாருங்க மாமா. இந்தத் தூசிக்குள்ள புள்ளய வுட்டுட்டுப் போவ எனக்கு மனசு வரல. அக்காவாவது மிஷின இழுத்துக்கிட்டுக் கெடந்தா. எங்கூடப் பழூருக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க மிஷின சரி பண்ணிட்டீங்கன்னா ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நானே கொண்டாந்து வுட்டுடறேன். இல்லாட்டி அங்கயே சேத்துடலாம். என்ன சொல்றீங்க?"

ஈரத்துணியால் துடைக்கலாம் என்பது அவனுக்குத் தெரியும். அவன் நாக்கு நுனி வரைக்கும்கூட அது வந்திருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு முழு வாக்கியம் வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அவள் கேட்கும் கேள்விக்கு இன்னொன்று.

"சரி" என்றான்.

ஜெயசித்ரா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெற்றிச்செல்வி பையோடு தா.பழூர் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோர இடம் கிடைத்தது.

அம்பிகாவின் போனை அவன் அணைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. தினமும் சார்ஜ் போட்டான், சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஒரு நாள் மேடையில் லாரி நிற்கும்போது அது அடித்தது.

"மேடம், பெரம்பலூர் சர்வீஸ் சென்டர்லேருந்து மலர்க்கொடி பேசறேன். என்ன மேடம், ஒரு மாசமா எங்களத் திட்டவே இல்ல? உங்க அடித்தட்டு கம்ப்ளெயிண்ட் இன்னும் பெண்டிங்லதான் காட்டுது."

"நான் அவங்க வூட்டுக்காரர் பேசறேன்."

"ஓ, சார்ங்களா. மேடம் இல்லீங்களா?"

"வெளியில போயிருக்காங்க" என்றான்.

எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவனுக்கே வியப்பாக இருந்தது. கூரியர் ஆபீசுக்கு அவள் போயிருக்கும் நேரத்தில் யார் கேட்டாலும் அவன் சொல்லும் பதில்தான் அது. வாய் பழைய தடத்திலேயே போயிற்று. மிஷின் இப்போது ஓடவே இல்லை என்றும் சொன்னான்.

"அப்ப கொண்டாந்துடுங்க சார். வாரண்டி ஆடி மாசம் வரைக்கும் இருக்கு. மேடத்துக்கிட்ட சொல்லுங்க, நாங்க பயந்துகிட்டு இருக்கோம்னு."

மறுநாள் மிஷினை அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றினான். சர்வீஸ் சென்டர் என்பது பாலக்கரைப் பக்கம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த நீளமான அறை. முன்னால் மலர்க்கொடி ஒரு மேசையில், பின்னால் பிரேம் என்ற மெக்கானிக் ஒரு பெஞ்சில். சுவரெல்லாம் திறந்து கிடந்த கிரைண்டர்களும் மிக்சிகளும். மலர்க்கொடிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். அவனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"இவருதான் அம்பிகா மேடத்தோட வூட்டுக்காரர்" என்று பிரேமிடம் சொன்னாள். "பாவம், பாக்க சாதுவாத்தான் இருக்காரு."

பிரேம் மிஷினைத் திருப்பி அடித்தட்டின் விரிசலில் நகத்தை ஓட்டினான். "இந்த மாடலு பூரா இப்படித்தாங்க. மோட்டாரு சூடு தாங்காத பிளாஸ்டிக்க அடியில போட்டுருக்கான். நானும் கம்பெனிக்கு எழுதி எழுதிப் பாத்துட்டேன். சரி, தண்ணி கிண்ணி பட்டுச்சுங்களா?"

"இல்லீங்க."

"ஈரமான எடத்துல எதுவும் ஓட்டலியே?"

"இல்லீங்க."

தண்ணீர் என்று சொன்னால் யார் ஊற்றினார்கள் என்று கேட்பார்கள். ஏன் ஊற்றினார்கள் என்று கேட்பார்கள். பிரேம் ஒரு சீட்டில் எழுதி மிஷினில் ஒட்டினான். பிரித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கலையரசன் தா.பழூர் போனான். ஜெயசித்ராவின் வீட்டைச் சுற்றி அறுத்த வயல். லாரி சத்தம் இல்லை. வெற்றிச்செல்வி கொஞ்சம் கறுத்திருந்தாள், கன்னத்தில் சதை வைத்திருந்தது. அவன் வாங்கிப்போன பன்னைப் பிய்த்துச் சித்தப்பா மணிமாறனின் ஆட்டுக்குட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சு எப்படி இருக்கு?" என்றான்.

"நல்லாருக்குப்பா. மூச்சுக்கு அடிக்கிற பம்ப நான் தொடவே இல்ல."

"சரி."

"மிஷின் வந்துருச்சா?"

"குடுத்துருக்கேன்."

ஆட்டுக்குட்டி பன்னைத் தின்று முடித்தது. ஜெயசித்ரா காப்பியோடு வந்து உட்கார்ந்தாள். "இங்க ஹெட்மாஸ்டரப் பாத்துக் கேட்டேன் மாமா. டீசி வாங்கியாந்தா உடனே சேத்துக்கறேன்னாரு. இன்னும் பத்துப் பாஞ்சு நாள்தான் இருக்கு. மிஷினு வருமா வராதா, ஒண்ணு சொல்லிடுங்க."

"கேக்கறேன்" என்றான். அவள் கைகளைப் பார்த்தான். அந்தக் கைகள்தாம் டியூபைப் பிடித்திருந்தவை. அவளுக்கு அது தோன்றவே இல்லை என்பது அவள் பேச்சிலேயே தெரிந்தது. தோன்றாமலே இருக்கட்டும் என்று நினைத்தான். நினைத்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பக்கம் மனம் திரும்பாமல் நின்றது, அவ்வளவுதான்.

பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது மலர்க்கொடி கூப்பிட்டாள். அவன் லீவு சொல்லிவிட்டுப் பெரம்பலூர் போனான்.

பெஞ்சின் மேல் மோட்டார் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. செப்புக் கம்பிகளுக்கிடையில் களிம்பு ஏறி, அதன் மேல் மஞ்சள் வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது.

"சார், தண்ணி படலன்னு சொன்னீங்க" என்றான் பிரேம். குரலில் கோபம் இல்லை. இப்படிப் பல பேரைப் பார்த்தவன். "பட்டதுன்னுகூடச் சொல்லக் கூடாது. குளிப்பாட்டியிருக்கீங்க. கம்பெனிக்குப் போட்டோ அனுப்புனேன். கஸ்டமர் தப்பு, வாரண்டி கெடையாதுன்னுட்டான்."

கலையரசன் மஞ்சள் வண்டலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எதுக்கு சார் பொய் சொல்லணும்? நாங்க என்ன அடிக்கவா போறோம்?"

"நீ சும்மா இரு பிரேமு" என்றாள் மலர்க்கொடி. "சார், ஒரு வழி இருக்கு. அடித்தட்டுல விரிசல்னு மேடம் எப்பவோ கம்ப்ளெயிண்ட் போட்டுட்டாங்க. நாங்கதான் மாத்தித் தரல. விரிசல் வழியாத்தான் தண்ணி எறங்குச்சுன்னு மேடம் ஒரு வார்த்த சொன்னாப் போதும், கம்பெனி வாய மூடிக்கிட்டு மோட்டாரு குடுத்துடும். மெட்ராஸ்லேருந்து மேடம் நம்பருக்குக் கூப்பிடுவாங்க. அவங்களப் பேசச் சொல்லுங்க. மேடம் பேசுனா எவனும் மறுபேச்சுப் பேச மாட்டான்."

"அவங்க ஊருல இல்ல."

"எங்க இருந்தா என்ன சார், போன் இருக்குல்ல?"

கலையரசன் சட்டைப் பையிலிருந்து அம்பிகாவின் போனை எடுத்து மேசையில் வைத்தான். திரையில் வெற்றிச்செல்வி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இத உங்ககிட்ட குடுத்துட்டா ஊருக்குப் போயிருக்காங்க?" மலர்க்கொடி அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். சண்டை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. குரலைத் தணித்தாள். "எப்ப வருவாங்க?"

அவன் போனைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தான்.

"பொண்ணுக்குத்தான சார் இந்த மிஷினு? இளைப்புன்னு மேடம் சொல்லியிருக்காங்க."

"மிஷின் ஓடுனாத்தான் பொண்ண வூட்டுக்கு அனுப்புவாங்க. ஸ்கூல் தொறக்கப் போவுது" என்றான். அதுவரை அந்த அறையில் அவன் பேசியதில் நீளமான பேச்சு அதுதான்.

மலர்க்கொடி கொஞ்சம் யோசித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "நானே பேசிடறேன். மேடம் மாரி. அவனுக்கென்ன, பொம்பளக் கொரலு, பேரு, அட்ரஸு. அவ்வளவுதான கேப்பான்? அவங்க பேசுறது எனக்கு மனப்பாடம் சார். நீங்க கம்முனு உக்காருங்க."

கம்பெனிக்குச் செய்தி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அம்பிகாவின் போன் அடித்தது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம். திருமதி அம்பிகா கலையரசன் அவர்களிடம் பேசுகிறேனா?" இளவட்டக் குரல், படிப்பதுபோல.

"ஆமாங்க, அம்பிகாதான் பேசறேன்."

கலையரசன் எதிர்ச் சுவரில் தொங்கிய மிக்சி ஜார்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிஜமாகவே மனப்பாடம் செய்திருந்தாள். எங்கே நிறுத்துவாள், எங்கே ஏறுவாள், எல்லாம்.

"ஏங்க, விரிசல் வுட்டுருக்குன்னு நான் சொல்லி எத்தன மாசமாவுது? பார்ட்டு வரல, பார்ட்டு வரலன்னா, நானா போயி பிளாஸ்டிக்கு காய்ச்சணும்? அந்த ஓட்டையிலதான் தண்ணி எறங்கியிருக்கு. தூக்குனா காலிக் குடம் மாரி லேசா இருக்கு. இத செஞ்சவன் வூட்டுல கூட்டுறதே இல்லியாங்க?"

பிரேம் கையால் வாயைப் பொத்திச் சிரித்தான்.

"புரிகிறது மேடம். சிரமத்துக்கு மன்னிக்கவும். உங்கள் பழைய புகார் எங்கள் பதிவில் இருக்கிறது. மோட்டார் இலவசமாக மாற்றித் தர வாய்ப்பு உள்ளது. ஒரே ஓர் உறுதி மட்டும். இயந்திரம் இப்போதும் உங்கள் பயன்பாட்டில்தான் உள்ளதா? விற்கவோ, வேறு யாருக்கும் கொடுக்கவோ இல்லையே?"

"நான் உசுரோட இருக்கறப்ப எஞ் சாமான வேற எவளுக்குங்க குடுக்கப் போறேன்?"

"செத்துட்டாங்க" என்றான் கலையரசன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அறை சின்னது, போன் அவனுக்கு முன்னால்தான் இருந்தது.

மலர்க்கொடி அவன் பக்கம் திரும்பினாள். சிரிப்பின் மிச்சம் இன்னும் முகத்தில் இருந்தது.

"மேடம்? யார் பேசுவது?"

"நான் அம்பிகாவோட வூட்டுக்காரர். அவங்க செத்துட்டாங்க. ரெண்டு மாசமாவுது. இப்பப் பேசுனது அவங்க இல்ல." பிறகு, இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியவனாக, "தண்ணி ஊத்துனது நாங்கதான். பொணம் எடுத்ததும் வூடு கழுவுனாங்க. அதுல இதையும் கழுவிட்டாங்க" என்றான்.

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது. விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. படிப்பதுபோல் இருந்த குரல் ஓரிடத்தில் தடுக்கி, திரும்பவும் படிக்கத் தொடங்கியது. "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் சார். எங்கள் விதிப்படி, வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டுமே பொருந்தும். அதை மாற்ற இயலாது. இந்தப் புகாரை முடித்துவிடுகிறேன். வேறு ஏதேனும் உதவி தேவையா?"

"இல்லீங்க."

"நன்றி சார்."

அதற்கப்புறம் பதிவு செய்த ஒரு பெண் குரல் வந்து, எங்கள் சேவை திருப்தி என்றால் ஒன்றை அழுத்தவும் என்றது. யாரும் எதையும் அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அதுவே நின்றுபோனது.

அந்த வாக்கியத்தைச் சொன்னால் ஏதாவது ஆகும் என்றுதான் அவன் இத்தனை நாளும் எங்கேயோ உள்ளே பயந்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. சீட்டைக் கிழித்து நீட்டியது போல இருந்தது.

மலர்க்கொடி போனை எடுத்துத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். அவன் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள். "மொதல் நாளே சொல்லியிருக்கலாமே சார். நான் பாட்டுக்கு அவங்கள மாரியே..." எழுந்து பின்பக்கம் போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகு நேரம் கேட்டது.

பிரேம் மோட்டாரின் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்தான். மஞ்சளின் காரணம் இப்போது அவனுக்கும் தெரிந்துவிட்டது. "நானும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார். வெளி மோட்டாரு ஒண்ணு கெடைக்குதான்னு பாக்கட்டுங்களா? இந்த பாடியில ஒக்காந்தாலும் ஒக்காரும்."

"வேணாங்க."

"அப்ப எடுத்துட்டுப் போறீங்களா?"

"இங்கயே இருக்கட்டும்" என்றான்.

வெறுங்கையோடு வெளியே வந்தான். அரியலூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறினான். அரியலூரில் இறங்கி வீட்டுக்கு நடக்கவேண்டியவன், அங்கேயே நின்று பழூர் போகும் பஸ்ஸைக் கேட்டு அதில் ஏறினான். யோசித்துச் செய்தான் என்று நான் சொல்ல மாட்டேன். மிஷின் வரும் என்ற பேச்சு முடிந்துவிட்டது. பாக்கி இருந்தது பெண் மட்டும்தான்.

ஜெயசித்ரா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது. சொல்லாமல் வந்தவனைப் பார்த்ததும் புறங்கையால் முடியை ஒதுக்கினாள்.

"என்ன மாமா திடீர்னு? மிஷினு வந்துடுச்சா?"

"ஆவாதுன்னுட்டாங்க."

"ஏன்? வாரண்டி இருக்குன்னு அக்கா படிச்சுப் படிச்சுச் சொல்லுவாளே."

"உள்ள தண்ணி போயிடுச்சு."

"தண்ணியா? அது எப்ப..." என்று கேட்டுக்கொண்டே மீனின் செதிலைச் சுரண்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். கத்தி மீனின் மேலேயே இருந்தது.

"நாந்தான கழுவுனேன்" என்றாள்.

"எல்லாருந்தான் கழுவுனாங்க."

"இல்ல மாமா. அக்கா படுத்த ரூம்ப நாந்தான். வேற ஒருத்தரையும் வுடல." கத்தியைக் கீழே வைத்தாள். "அக்கா தெனம் கையில வெச்சிருந்த சாமானாச்சேன்னு நல்லாத் தேச்சுக் கழுவுனேன். பைப்புக்குள்ளகூடக் கைய வுட்டு... அவ்வளவு தூசி இருந்துச்சு. உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

அவன் தலையை அசைத்தான்.

"தெரிஞ்சும் சொல்லலியா? நான் வாரா வாரம் மிஷினு எங்க, மிஷினு எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"வெற்றிய நான் கூட்டிட்டுப் போறேன் ஜெயா. ஈரத்துணியால தொடைச்சா தூசி கெளம்பாது. டாக்டரே சொல்லியிருக்காரு. காலையில ஒருக்க, சாயங்காலம் ஒருக்க. நான் தொடைக்கறேன்."

"தொடைப்பீங்களா?"

"தொடைப்பேன்."

"அன்னிக்கு இதச் சொல்லியிருந்தா நான் ஏன் புள்ளயத் தூக்கிட்டு வரப்போறேன்? சரின்னீங்க. ஒரே வார்த்தையா சரின்னுட்டீங்க. இவருக்குப் புள்ள வேணாம் போலருக்குன்னுதான் நெனச்சேன் மாமா. இன்னி வரைக்கும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

ஜெயசித்ரா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. துணிகளை எடுத்துக் கட்டிலில் போடும் சத்தம் கேட்டது. வெற்றிச்செல்வி கொல்லையிலிருந்து வந்து, அப்பாவையும் பாதி ஆய்ந்த மீனையும் பார்த்தாள்.

"வூட்டுக்குப் போவலாமா?" என்றான்.

"மிஷினு?"

"இல்ல."

அவள் அதைக் கொஞ்சம் யோசித்தாள். "யாரு சோறாக்குவா?"

"நாந்தான்."

"அப்ப சித்திகிட்ட இந்த மீன் கொழம்ப வெச்சு வாங்கிக்கிட்டுப் போவலாம்ப்பா" என்றாள்.

குழம்பு கொதிக்கும் வரை இருந்தார்கள். மணிமாறன் பஸ் ஸ்டாப் வரை பையைத் தூக்கி வந்தான். பஸ்ஸில் அவள் அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கினாள். தூக்குவாளி அவன் மடியில் சூடாக இருந்தது. அந்தச் சூடு தொடை வரை இறங்கியது அவனுக்குத் தெரிந்தது.

வெற்றிச்செல்வி ஒன்பதாம் வகுப்பை அரியலூரிலேயே படித்தாள். அந்த ஐப்பசியில் அவளுக்கு இளைப்பு கடுமையாக வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அதற்கப்புறம் அவ்வளவு மோசமாக வரவில்லை. இப்போது பதினொன்றாம் வகுப்பு. ஜெயசித்ரா லீவு நாட்களில் வந்து போகிறாள். வந்தால், தான் அன்று கழுவிய அந்த அறையில் மட்டும் படுப்பதில்லை. பிரேம் அந்தக் கம்பெனியின் சர்வீசை விட்டுவிட்டுத் திருச்சியில் ஏசி வேலை பார்க்கிறான். மிஷினின் பைப்பையும் சக்கரங்களையும் வேறு வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக் கொடுத்தான், உடம்பு பழைய பிளாஸ்டிக்கோடு போயிற்று. மலர்க்கொடி கல்யாணமாகி அரும்பாவூரில் இருக்கிறாள், வேலைக்குப் போவதில்லை. அம்பிகாவின் நம்பர் ரீசார்ஜ் செய்யாமல் போய், இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. கலையரசன் அதே எடை மேடையில்தான் இருக்கிறான். காலையிலும் சாயங்காலமும் வீட்டைத் துடைக்கிறான்.